கத்தரிக்கோலும் நிழலும்: லோட்டே ரைனிகரின் படக்கலை

கார்ட்டூன் படம் என்று நாம் வழங்கிவரும் அசைபடத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே நினைவுக்கு வருவது வால்ட் டிஸ்னியின் பெயர்தான். 1937ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவருடைய ‘ஸ்நோ ஒயிட்’ படமே முழுநீள அசைபடங்களுள் முதலாவது என எழுதுவோர் இன்றும் உளர். அதற்குப் பதினோராண்டுகள் முன்னரே, 1926 மே மாதத்தில், ‘இளவரசர் அக்மதின் வீரச்செயல்கள்’ என்னும் படம் பெர்லின் நகரில் திரையேறிவிட்டது. இன்று நமக்குக் காணக் கிடைக்கும் முழுநீள அசைபடங்களுள் மிகப் பழையது அதுவே. அதனை ஆக்கியவர் லோட்டே ரைனிகர் (1899–1981) என்னும் ஜெர்மானியப் பெண்மணி. பணி தொடங்கியபோது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

அப்படம் பிறந்த இடம் பெரிய படப்பிடிப்பு நிலையம் அன்று. பெர்லினை அடுத்த போட்ஸ்டாம் நகரில், லூயி ஹாகன் என்ற வங்கியாளரின் வீட்டு மோட்டார்க் கொட்டகைக்கு மேலிருந்த பரண். ஜெர்மனியில் பணம் வெறுங்காகிதமாகிக்கொண்டிருந்த அந்நாட்களில், ஹாகன் கையிருப்பைப் படச்சுருளாக மாற்றி வைத்திருந்தார். அச்சுருளைக் கொடுத்து, முழுநீளப் படம் எடுக்கும்படி தூண்டியவரும் அவரே. கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களைக் கத்தரித்து, தலை, தோள், முழங்கை, விரல் எனத் துண்டு துண்டாக்கி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, கீழிருந்து விளக்கொளி பாயும் கண்ணாடிப் பலகையின்மீது கிடத்துவார் ரைனிகர். மேலிருந்து காமிரா ஒரு படம் பிடிக்கும். உருவத்தை நூலிழையளவு நகர்த்துவார். மீண்டும் ஒரு படம். மூன்றாண்டுகள் இவ்வேலை நடந்தது. ஒரு நொடிக்குக் குறைந்தது 18 படங்கள் எனக் கொண்டாலும், 65 நிமிடப் படத்துக்கு எழுபதாயிரத்துக்கு மேல் தேவைப்படும்.

இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் யாரும் சொல்வது, “எத்துணைப் பொறுமை!” என்பதுதான். ரைனிகரைப் பற்றி எழுதுவோர் பலரும் இதே சொல்லில் தொடங்கி இதே சொல்லில் முடிக்கின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. பொறுமை கலைக்குரிய தகுதியன்று. அது எம்மைப் போன்ற குமாஸ்தாக்களிடமும் வேண்டிய மட்டும் உண்டு. நம் நாட்டிலேயே ஒரு சான்று காட்டலாம். தாதாசாகேப் பால்கே 1912இல் லண்டனிலிருந்து காமிரா வாங்கி வந்தபின், தம் பம்பாய் இல்லத்தில் தொட்டியில் பட்டாணி விதைத்து, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறுகச் சிறுகப் படம்பிடித்துக் குறும்படமாக்கினார். பணம் கடன் கொடுப்பவரின் ஐயம் அதனால் தீர்ந்தது. அங்கே அசைவு செடியினுடையது. பால்கே காத்திருந்தால் போதும். ரைனிகரின் பலகையிலோ காத்திருந்தால் ஒன்றும் முளைக்காது. கை எவ்வளவு உயரவேண்டும், எங்கே ஒரு கணம் தயங்கவேண்டும், தலை முதலில் திரும்புமா தோள் முதலில் திரும்புமா என்பதையெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் அவரே தீர்மானித்தாக வேண்டும். பாராட்டுக்குரியது அத்தீர்மானமே.

நிழலுருவத்துக்குக் கண்ணில்லை, புன்னகையில்லை, முகம் சிவப்பதில்லை. ஆகவே நாணமும் அச்சமும் உடலின் வளைவிலும் விரல் நுனியிலுமே குடிகொள்ள வேண்டியிருக்கிறது. வாக்-வாக் தீவின் அரசி பெரி பானு பறவை வடிவில் வந்திறங்கி, இறகாடை களைந்து நீராடும் காட்சியைக் காணுங்கள். அக்மத் இலைகளுக்கிடையே மறைந்து பார்க்கிறான். அவள் அவனைக் கண்டு திடுக்கிடும்போது முதலில் கழுத்து நிமிர்கிறது. பின்னரே கைகள் உடலைத் தழுவிக்கொள்கின்றன. அட்டைத் துண்டு நாணுகிறது! இறுதிப் பகுதியில் சூனியக்காரியும் மந்திரவாதியும் சிங்கமும் பாம்புமாய், வேறு பல உயிர்களுமாய் உருமாறிப் பொருதும் காட்சியும் இத்தகையதே. உரு மாறினும் அவரவர் நடை மாறாதிருப்பதால், எவ்விலங்கு யார் என்பதில் நமக்குக் குழப்பமே நேர்வதில்லை.

தோல்பாவைக்கூத்தை ஊர்த் திருவிழாவில் கண்ட அன்பர்கள் இதைப் படித்து, “நம்மிடம் இல்லாததா?” எனக் கேட்கக்கூடும். உறவு உண்டு, வேற்றுமையும் உண்டு. நம் பாவைகள் ஒளி ஊடுருவும் வண்ணத் தோலால் ஆனவை. கண்ணும் அணியும் திரையில் தெரியும். பாவையாட்டி உடனுக்குடன் ஆட்டிப் பல குரலில் பேசுவதால், குரலே பாதி நடிப்பைச் சுமக்கிறது. (அக்கலையைத் தமிழகத்தில் காத்துவரும் குடும்பங்கள் வீட்டில் மராட்டி பேசுபவை என்பதை, வேற்று மாநிலத்தில் தமிழ் பேசி வாழும் நாம் அறிந்திருப்பது நன்று.) ரைனிகரின் பாவைக்கு வண்ணமுமில்லை, குரலுமில்லை. இருப்பது விளிம்புக்கோடு ஒன்றே.

படத்தில் குறையில்லாமல் இல்லை. ஆப்பிரிக்க மந்திரவாதியின் உருவம் ஐரோப்பியர் தம் மனத்தில் வளர்த்த அருவருப்பின் வார்ப்பு. சீனப் பகுதியும் அவ்வாறே. கைகளின் நுட்பத்தை அத்துணை அறிந்தவர் முகத்தின் பக்கவடிவில் இவ்வளவு மலிவான வழியை மேற்கொண்டது வருந்தத்தக்கது. மற்றொன்று, இது தனியொரு பெண்ணின் சாதனை என்னும் புகழுரை. கணவர் கார்ல் கோக் காமிராவைக் கையாண்டார். மாய ஒளிகளை வால்டர் ரூட்மனும், புயற்கடலின் அலைகளைப் பெர்தோல்ட் பார்ட்டோஷும் அமைத்தனர். ரூட்மனின் மாயங்கள் என் கண்ணுக்குப் படத்தோடு ஒட்டவில்லை. பார்ட்டோஷின் கடலோ மறக்க இயலாதது.

மூல நெகடிவ் 1945இல் பெர்லின் போரில் அழிந்தது. பிரிட்டனில் எஞ்சியிருந்த ஒரு பிரதியைக் கொண்டே 1999இல் படம் புதுப்பிக்கப்பட்டது.

அஞ்சல் துறை அன்பர்கள் பலர் நம் சங்கத்தில் இருப்பதால் இதையும் குறிப்பிடுகிறேன். பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்குத் தனியே ஒரு படப்பிரிவு இருந்தது. லென் லை என்பவர் 1935இல் காமிராவே இன்றிப் படச்சுருளின்மீது நேரடியாக வண்ணம் தீட்டி ஆக்கிய ‘வண்ணப் பெட்டி’ படம், பார்சல் கட்டணத்துக்கான விளம்பரமாக வெளிவந்தது. ரைனிகரும் 1938இல் அதே பிரிவுக்காக, அஞ்சல் சேமிப்பு வங்கியை விளம்பரப்படுத்தும் ஒரு குறும்படம் ஆக்கினார். அரசு அலுவலகம் என்றாலே கலைக்குப் பகை என்பார்க்கு இது விடையாகலாம்.

இப்போது நம் பிள்ளைகள் கைப்பேசியை நாற்காலியில் சாய்த்து வைத்து, மேசை விளக்கின்மேல் ட்ரேசிங் பேப்பர் விரித்து, வெட்டிய உருவங்களை நகர்த்திப் படம் செய்கின்றனர். அவர்களிடம் பொறுமையைப் பாராட்டி விலகிப் போகாமல், “இவன் ஏன் இங்கே நின்றான்?” என்று கேட்கலாம். சரியாக நின்றிருந்தால் பிள்ளை விடை சொல்லும்.

ரைனிகரின் பிற்காலப் படைப்புகளைப் பார்ப்போர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். அந்த வங்கியாளரின் மகன் வளர்ந்து, 1953இல் லண்டனில் நிறுவனம் தொடங்கி, தொலைக்காட்சிக்கெனத் தேவதைக் கதைகளை அவரைக்கொண்டே எடுக்கச் செய்தார். கத்தரிக்கோலின் கூர்மை அவற்றில் சற்றும் மழுங்கவில்லை. ஆனால் ஓர் ஆங்கிலக் குரல் இடையறாது கதை சொல்லிக்கொண்டே இருக்கிறது. இளவரசி கை உயர்த்துமுன்னே அவள் அழுகிறாள் என்று அறிவித்துவிடுகிறது. அப்படங்களை ஒலியை அடக்கிவிட்டுப் பார்ப்பதே எனக்கு உவப்பானது.