குதிரைகளின் சொந்தக்காரி

கி.மு. 396இல் ஒலிம்பியாவில் நான்கு குதிரைத் தேர்ப்போட்டியில் வென்றவர் ஸ்பார்ட்டாவின் இளவரசி கைனிஸ்கா. அங்கே பெண்கள் போட்டியிட முடியாது. ஆனால் தேர்ப்போட்டியில் பரிசு ஓட்டியவருக்கு அல்ல, குதிரைகளை வைத்திருப்பவருக்கே. உடைமை திறந்துவிட்ட அந்த ஒரே வாசல் வழியாக ஒரு பெண் உள்ளே போனார். தேரை ஓட்டியவரின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

அமெரிக்கத் தொழிலதிபர் மிஷேல் காங், தன் மகளிர் கால்பந்து நிறுவனத்துக்கு அந்த இளவரசியின் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார். சியோலில் பிறந்து, படிக்க அமெரிக்கா சென்றவர். 2008இல் காக்னோசான்ட் என்ற மருத்துவத் தகவல்தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கி, 2024இல் அதை விற்றார். இன்று வாஷிங்டன் ஸ்பிரிட், லியோன் மகளிர் அணி, லண்டன் சிட்டி லயனஸஸ் என மூன்று நாடுகளில் மூன்று அணிகள் அவர் கையில்.

இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண் உடலை வைத்து வகுத்த பயிற்சியைப் பெண்கள்மீது அப்படியே சுமத்தக்கூடாது என்று சொல்லி, அதற்கான ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியவர் அவர். 1921இல் பெண்களைத் தன் மைதானங்களிலிருந்து விரட்டி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கதவடைத்த இங்கிலாந்தில், ஆண்கள் அணி எதன் நிழலிலும் நில்லாத லண்டன் சிட்டி 2025இல் முதல்நிலை லீகுக்கு உயர்ந்தது.

ஆனாலும் அவர் கதையை 'மீட்க வந்தவர்' கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2021இல் வாஷிங்டன் ஸ்பிரிட் பயிற்சியாளர்மீது வசைச் சொற்களால் வீராங்கனைகளைத் துன்புறுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அக்டோபரில் வீராங்கனைகள் அப்போதைய உரிமையாளருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: உங்கள் பங்கை மிஷேல் காங்கிடம் விற்றுவிட்டு விலகுங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு அணி அவர் வசமானது. அதாவது, உழைப்பவர்கள் தங்கள் முதலாளியைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தக் கதையில் அரிதான செயல் இதுதான். செய்திகளோ வாங்கியவரைக் கொண்டாடின.

ஆனால் முதலாளியைத் தேர்ந்தெடுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 2022 தொடக்கத்தில் அந்த லீகின் வீராங்கனைகள் சங்கம் தன் முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றது. 2024இல் வந்த புதிய ஒப்பந்தம், கல்லூரி முடித்து வரும் வீராங்கனைகளை அவர்களின் விருப்பம் கேளாமல் அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட் முறையையே ஒழித்தது.

நல்ல முதலாளி கிடைப்பது ஆறுதல்தான். ஆனால் அணி நாளை கைமாறினால் அந்த நல்ல மனமும் அவரோடு போய்விடும். ஒப்பந்தம் போகாது; புதிதாக வாங்க வருபவர் ஆணோ பெண்ணோ, அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். பெண்களின் வெற்றிக்கதை ஒன்று கைக்கு வரும்போது, தேர் யாருடையது என்பதோடு, ஓட்டியவர்களின் கையில் என்ன இருந்தது என்றும் கேட்போம்.