கடற்கரைக்கு எந்தப் புத்தகம்?

ஜூன் பிறந்ததும் ஆங்கிலப் பத்திரிகைகள் விடுமுறைப் புத்தகப் பட்டியல் போடத் தொடங்கிவிடும். கடற்கரையில் படுத்துக்கொண்டு வாசிக்க எவை ஏற்றவை என்று எழுத்தாளர்களும் அரசியல் தலைவர்களும் பரிந்துரைப்பார்கள். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்கு அளவுகோல் ஒன்றுதான்: புத்தகம் எளிதாக இருக்க வேண்டும், விறுவிறுவென ஓட வேண்டும், மனத்தைக் கனக்க வைக்கக் கூடாது. இந்த அளவுகோலில் பாதி நியாயமானது. மீதிப் பாதி நம் கடற்கரைக்குப் பொருந்தவே பொருந்தாது.

பயணத்துக்கும் விடுமுறைக்கும் இலேசான புத்தகம் விற்கும் வழக்கம் பழையது. 1848இல் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் புத்தகக் கடை திறந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ரூட்லெட்ஜ் பதிப்பகம் ரயில் பயணிகளுக்கென்று மலிவு விலை நாவல் வரிசையைக் கொண்டுவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் கோடையையே தனி விற்பனைக் காலமாக்கினார்கள். மெல்லிய அட்டை, குறைந்த விலை, கடலோர விடுதியில் நடக்கும் காதல் கதை என்று அதற்கு ஓர் அச்சும் உருவானது. 1974இல் வெளிவந்த பீட்டர் பெஞ்ச்லியின் ‘ஜாஸ்’, கடலில் கால் வைக்கவே அஞ்ச வைக்கும் கதையாக இருந்தும், கடற்கரைதோறும் வாசிக்கப்பட்டது. 2020இல் எமிலி ஹென்றி தன் நாவலுக்கு ‘பீச் ரீட்’ என்றே பெயர் வைத்தார். அந்த அளவுக்குக் கடற்கரை வாசிப்பு ஒரு சரக்கு வகையாக நிலைத்துவிட்டது.

இதில் நான் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. படிப்பதற்கு இன்பம் ஒன்றே போதுமான காரணம் என்று இந்த வழக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. நம் வீடுகளில் அதைச் சொல்ல இன்றும் ஆள் குறைவு. “கதைப் புத்தகம் படிச்சு என்ன ஆகப்போகுது?” என்ற கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ் வாசகர் அபூர்வம். பாடப் புத்தகத்துக்குள் மாத நாவலை ஒளித்து வைத்துப் படித்த பெண்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். அறிவு வளரும், மொழி வளரும் என்று ஏதாவது பயன் காட்டித்தான் வாசிப்பை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. விடுமுறையிலாவது அந்தக் கணக்கு வேண்டாம் என்பது ஆரோக்கியமான நிலைப்பாடு.

ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் இந்தத் தேவையை நம்மிடையே பல ஆண்டுகள் நிறைவேற்றின. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடலாம். முதல் பக்கத்திலேயே கொலை விழுந்துவிடும். இரண்டு தனித்தனிக் கதைகள் மாறி மாறி ஓடிக் கடைசியில் ஒன்றோடொன்று முட்டும். இதை மட்டமான எழுத்து என்று ஒதுக்குகிறவர்கள், வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுத்துப்போவது எத்தனை கடினமான தொழில் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இன்பம் என்றாலே இலேசானது என்று பட்டியல்கள் முடிவு கட்டிவிடுகின்றன. அந்த முடிவுக்குப் பின்னால் ஐரோப்பிய, அமெரிக்கக் கடற்கரை நாள் நிற்கிறது. அங்கே நண்பகலில் வெயில் காய்வார்கள். மணலில் துண்டு விரித்துப் படுத்து, பத்துப் பக்கம் படித்து, எழுந்து போய்க் குளித்து, திரும்பி வந்து ஈரக் கையோடு மறுபடி எடுப்பார்கள். கண் கூசும் வெளிச்சம், பக்கத்தைப் புரட்டும் காற்று, சுற்றிலும் கூச்சல். அந்த நிலையில் கனமான நூல் நிற்காதுதான்.

நம் கடற்கரை நாள் அப்படியா? மே மாதத்தில் மாமல்லபுரத்திலோ தரங்கம்பாடியிலோ பகல் பன்னிரண்டு மணிக்கு மணலில் யாரும் படுத்துக் கிடப்பதில்லை. கால் வைத்தால் கொப்புளம்தான். விடியற்காலையில் சூரியன் எழுவதைப் பார்க்கப் போவோம், எட்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். மறுபடி போவது வெயில் தாழ்ந்தபின். அப்போது குழந்தைகள் அலையில் நிற்பார்கள், பெரியவர்கள் சுண்டல் கொறித்தபடி அவர்கள்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். ஏழு மணிக்குள் இருட்டிவிடும். மணலில் புத்தகம் விரிக்க நேரமே இல்லை.

வாசிப்புக்கான நேரம் நமக்கு நடுப்பகலில் கிடைக்கிறது. பதினொன்றிலிருந்து நான்குவரை விடுதி அறையில் மின்விசிறிக்குக் கீழே, அல்லது தாழ்வாரத்தில், அல்லது சவுக்குத் தோப்பு நிழலில். சாப்பாடு முடிந்து குழந்தைகள் தூங்கிவிட்டால் வீட்டில் போல எந்த வேலையும் கூப்பிடாது. ஆண்டு முழுவதும் மதியத்தில் அடுப்படியை ஒழித்துப் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, இடையூறில்லாத மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது இந்த நாட்களில் மட்டும்தான். அந்த நேரத்துக்கு ஒன்றரை மணியில் தீர்ந்துபோகும் கதையை மட்டும் பரிந்துரைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நீண்ட நாவலுக்கு இதைவிட நல்ல சமயம் வராது. மாமல்லபுரம் போகிறவருக்குக் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ இருக்கிறது. 1944இல் தொடராக வரத் தொடங்கிய அந்த நாவலின் கரு, நண்பர் ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரையில் இருந்தபோது தோன்றியதாகக் கல்கியே எழுதியிருக்கிறார். நான்கு பாகங்கள் என்று மலைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை பத்திரிகையில் வந்து, அடுத்த வாரம்வரை வாசகரைக் காக்க வைப்பதற்காகவே எழுதப்பட்டது. எந்த அத்தியாயத்திலும் நிறுத்தலாம், நிறுத்திய இடத்தில் இழை அறுபடாமல் தொடரலாம். காலையில் பார்த்த குகைச் சிற்பத்தை மதியம் நாவலில் சந்திக்கும் சுகம் வேறு எந்த ஊரிலும் கிடைக்காது.

பட்டியல்களின் பெரிய குறை இன்னொன்று. அவை காட்டும் கடற்கரையில் கடற்கரைக்காரர்களே இல்லை. விடுதி இருக்கும், வெள்ளை மணல் இருக்கும், விடுமுறைக்கு வந்தவர்களின் காதல் இருக்கும். வலை உலர்த்துகிறவர், கருவாடு காயப்போடுகிறவர், விடியலில் மீன் பிடித்துத் திரும்புகிறவர் யாரும் கண்ணில் படமாட்டார்கள். தமிழில் அந்தக் குறை இல்லை. தொட்டடுத்த குப்பத்தின் கதையையே நம் எழுத்தாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1977இல் வெளிவந்த வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ சிறிய நாவல். இரண்டு மதியங்களில் முடிந்துவிடும். கடலோர ஊரான மணப்பாட்டில் நடக்கிறது. மீனவர் குரூஸ் மிக்கேல் தன் வல்லம் என்னும் நாட்டுப் படகையும் வீட்டையும் விற்க மறுக்கிறார். ஊரில் லாஞ்சிகள் என்னும் இயந்திரப் படகுகள் வந்து இறங்க, வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் பகை மூள்கிறது. இதற்கு நடுவே அவர் மகள் பிலோமியின் காதல் கைகூடாமல் போகிறது. அவள் நொறுங்கவும் இல்லை, யாரையும் வெறுக்கவும் இல்லை. சண்டையும் சாவும் நிறைந்த கதையை மூடி வைக்கும்போது மனிதர்கள்மேல் பிரியம் கூடியிருக்கிறது. கனமான கதை விடுமுறையைக் கெடுத்துவிடும் என்பவர்களுக்கு இதைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். மணப்பாட்டு மணல்மேட்டுக் கோயிலைப் படமெடுத்துத் திரும்பும் பயணி, இந்த நாவலைப் படித்திருந்தால் கரையில் கிடக்கும் படகுகளை வேறு கண்ணால் பார்ப்பார்.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) இதைவிடப் பெரிய அனுபவம், ஆனால் எல்லாருக்கும் எடுத்த எடுப்பில் பிடிபடாது. பரதவ மீனவர்களின் பேச்சுவழக்கும் கடல்தொழில் சொற்களும் தொடக்கத்தில் தடுக்கும். ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். பிறகு கட்டுமரத்தோடு நாமும் போய்விடுவோம். தெற்கே குமரி மாவட்டம் போகிறவர்களுக்குத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ கைக்கு அடக்கமான துணை.

எல்லாரும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வேலைக் களைப்பிலோ துக்கத்திலோ விடுமுறை எடுத்தவர் மாத நாவலோடு போவதே நல்லது. தேர்வு செய்யும்போது ‘இது இலேசா?’ என்று கேட்பதைவிட, ‘இது என்னை உள்ளே இழுக்குமா?’ என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அதை அறிய முதல் பத்துப் பக்கங்களை வீட்டிலேயே படித்துப் பார்த்தால் போதும்.

இரவல் புத்தகத்தையும் நூலகப் புத்தகத்தையும் எடுத்துப் போக வேண்டாம். உப்புக் காற்றில் தாள் பிசுபிசுக்கும், நடுமடிப்பில் புகுந்த மணல் லேசில் போகாது.  கடலோர ஊர்களில் சங்குமாலைக் கடை வரிசையாக இருக்கும், புத்தகக் கடை எளிதில் அகப்படாது. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய வாரமே வாங்கிவிடுங்கள்: வீட்டில் ஆளுக்கொரு நூல், அவற்றில் ஒன்றாவது நீங்கள் போகும் கரையைப் பற்றியதாக இருக்கட்டும்.