மூடிய ஓடையும் எமது கவிதையும்

புலம்பெயர் கவிதைகளில் ஆறு பெரும்பாலும் ஊரிலேயே ஓடுகிறது. வந்துசேர்ந்த நிலத்துக்கு நீரே இல்லை. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரை எடுத்துக்கொள்வோம். ஹாங்க் ஹைபெட்ஸுடன் சேர்ந்து 1999இல் புறநானூற்றை ஆங்கிலத்தில் தந்த ஜோர்ஜ் ஹார்ட் தமிழ் கற்பித்த பல்கலைக்கழக வளாகத்தினூடே ஸ்ட்ரோபெரி ஓடை ஓடுகிறது. வளாகத்தைத் தாண்டியதும் நகரம் அதைக் குழாய்க்குள் தள்ளி வடிகாலாக்கிவிட்டது. 1984இல் பழைய ரயில்வே நிலமொன்றில் சுமார் 200 அடி நீளம் தோண்டித் திறக்கப்பட்டது. இது ஓலோனி மக்களின் நிலம். அவர்களும் நிலம் பறிகொடுத்தவர்களே. எமது திணை மரபு உணர்வை நிலத்தோடும் நீரோடும் சேர்த்தே பேசிற்று. இழந்த ஆற்றுக்கான ஏக்கம் உண்மையானதுதான். ஆனால் காலடியில் புதைந்துகிடக்கும் இன்னொருவரின் ஆற்றைக் கேளாத கவிதையை நாம் பாதிக் கவிதையென்றே சொல்வோம்.