சின்னம் யாருடையது?

கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு முகம் கிடையாது. அரியலூருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில், கலியுக வரதராசப் பெருமாள் என்று ஜனங்கள் கும்பிடுவது ஒரு கற்கம்பத்தை. கம்பத்தில் அனுமார் உருவம் செதுக்கியிருக்கிறது. சங்கும் சக்கரமும் ஏந்திய மூல விக்கிரகம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் விளைந்த தானியத்தில் ஒரு பங்கை அந்தக் கம்பத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சிற்பி செய்யாமல் விட்டதை ஜனங்களின் நம்பிக்கை செய்து முடித்திருக்கிறது.

தேர்தல் விளம்பரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் கோயிலில் ஆரம்பிக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். ஓர் அடையாளம் எப்படி உயிர் பெறுகிறது என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடி இப்போது கட்சிகள் பிரசார வடிவமைப்புக் கம்பெனிகளிடம் போகின்றன. நிறம், எழுத்தின் வளைவு, தலைவர் எவ்வளவு சிரிக்கலாம் என்ற அளவு, பாட்டு, வாசகம் எல்லாம் அங்கே தயாராகின்றன. நாவலை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். நம்மை ஐந்து வருஷம் ஆளப் போகிறவர்களை நமக்கு அறிமுகப்படுத்தும் இந்தக் கலையை மட்டும் விட்டு வைப்பானேன்?

2016 சட்டசபைத் தேர்தலில் பாட்டாளி மக்கள் கட்சி முன்வைத்த 'மாற்றம், முன்னேற்றம், அன்புமணி' என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். காதுக்கு நன்றாக இருக்கிறது. குழந்தைகூடத் திருப்பிச் சொல்லும். ஆனால் அதில் ஒரு வினைச்சொல் இல்லை. யார், யாருக்கு, எதைச் செய்யப் போகிறார்கள்? கையால் தொட்டுப் பார்க்க முடியாத இரண்டு சொற்கள், பிறகு ஒரு பெயர், அவ்வளவுதான். கட்சிக்கென்று மாம்பழம் என்ற ருசியான சின்னம் ஒன்று இருந்தும், வாசகத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. தனித்து நின்ற அந்தக் கட்சிக்கு ஐந்து சதவிகிதத்துக்குச் சற்று அதிகமான ஓட்டுக் கிடைத்தது. ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தோல்விக்கு வாசகம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வாசகம் ஊரெல்லாம் பரவியும் ஓட்டாக மாறவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

2021 தேர்தல் வேறு மாதிரி. அதற்கு முந்திய வருஷமே தி.மு.க. ஐ-பேக் என்ற கம்பெனியை அமர்த்திக்கொண்டது. 'விடியல்' என்ற சொல் மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. இதில் சாமர்த்தியம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சாமர்த்தியம் எதன்மேல் நின்றது? உதயசூரியன்மேல். 1950களிலிருந்து சுவர் சுவராகக் கட்சித் தொண்டர்கள் வரைந்து வைத்த சூரியன் இருந்ததால்தான் விடியல் என்ற சொல்லுக்கு வெளிச்சம் கிடைத்தது. அதே தேர்தலில் அரியலூரில் நின்றவர் ம.தி.மு.க.காரர். அவருடைய கட்சிக்குப் பம்பரம் என்று முன்பு ஒரு சின்னம் இருந்தது. அவரும் உதயசூரியனில்தான் நின்றார், ஜெயித்தார்.

இந்தச் சின்னங்கள் எப்படி வந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1951-52ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது தேசத்தில் நூற்றுக்குச் சுமார் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்து வாசனை. அபேட்சகருக்கு ஒரு பெட்டி. பெட்டியின்மேல் ஒரு படம். படிக்கத் தெரியாதவனும் தன் ஓட்டைத் தானே போட வேண்டும் என்ற மரியாதையிலிருந்து பிறந்த படங்கள் அவை. பின்னால் தேர்தல் கமிஷனில் படம் வரைபவராக இருந்த எம்.எஸ். சேத்தி என்பவர், வீட்டிலும் வயலிலும் கிடக்கும் சாமான்களை எல்லாம் பென்சிலால் வரைந்து தள்ளினார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் கோடுகள் எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட சாதாரணச் சாமான்களில் ஒன்று பானை. கல்லங்குறிச்சி அடங்கிய சிதம்பரம் பார்லிமெண்டுத் தொகுதியில் 2019ல் தொல். திருமாவளவன் அதில்தான் நின்றார். கூட்டணித் தலைமையின் உதயசூரியன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விழுப்புரத்தில் அவர் கட்சிக்காரரே அதில் நின்றார். இவரோ பட்டியலில் கிடைத்த பானையை ஏற்றுக்கொண்டு, சில வாரங்களில் அதை ஜனங்கள் மனத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. 3,219 ஓட்டில் பிழைத்தார். 2024ல் அதே பானை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. 2025ல் அது அந்தக் கட்சிக்கே உரிய சின்னமாயிற்று. குடியிருப்புகளில் அடுப்பில் ஏறும் பானைக்கு வடிவமைப்பாளர் என்ன மெருகு ஏற்ற முடியும்?

சின்னத்தின்மேல் உள்ள விசுவாசம் எப்போதும் நல்லதுதான் என்று நான் வாதிக்கவில்லை. படத்தைப் பார்த்துக் குத்துகிறவன் ஆளைப் பார்க்க மறந்துவிடுகிறான். அந்தக் குறை பழசு. புதிய குறை வேறு ஒன்று. 2016 தேர்தலையொட்டி ஸ்டாலினுக்கு 'நமக்கு நாமே' பயணத்தை வகுத்துக் கொடுத்த சுனில் கனுகோலு, 2021ல் அ.தி.மு.க.வுக்கு வேலை செய்தார். கூலிக்கு எழுதுவது பாவம் இல்லை. பத்திரிகைக்கு எழுதும் நானும் கூலி வாங்குகிறவன்தான். ஆனால் என் எழுத்தின் கீழே என் பெயர் இருக்கிறது. சொன்னது பொய்யானால் வாசகர் என் சட்டையைப் பிடிக்கலாம். விளம்பர வாசகத்தின் கீழே அதைச் செய்தவர் பெயர் இல்லை. 'விடியா அரசு' என்று எதிர்க்கட்சி பின்னால் கேலி செய்தபோது, பதில் சொல்ல வேண்டியிருந்தது கட்சிதான். கம்பெனிக்குக் கணக்கு முடிந்துபோயிருந்தது.

சுவரில் சூரியனை வரைந்த தொண்டன் அதே தெருவில் குடியிருந்தான். தண்ணீர் வரவில்லை என்றால் தெருக்காரர்கள் முதலில் அவன் கதவைத்தான் தட்டினார்கள். அவனுடைய கோடு கோணலாக இருந்திருக்கலாம். எழுத்துப் பிழையும் இருந்திருக்கும். கதவு மட்டும் தெருவிலேயே இருந்தது. இன்றைய விளம்பரப் படங்களின் அழகில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தட்டுவதற்கு ஒரு கதவு எங்கே இருக்கிறது என்பதுதான் நான் அவற்றிடம் கேட்கும் கேள்வி.