போன் நம்பர் வேறு, நோயாளி வேறு

மொபைல் வழி மருத்துவம், அதன் பாதுகாப்பு என்று நம்ம பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் செய்கிற ப்ராஜெக்டுகளையும் கட்டுரைகளையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும். இடப்பக்கம் நோயாளி, கையில் ஒரு போன். வலப்பக்கம் டாக்டர். நடுவில் சர்வர், அதை எட்டிப் பார்க்கிற ஒரு திருடன். அவனைத் தடுக்கிற மறையாக்கம், ஓடிபி, கைரேகை இவைதான் மீதிப் பக்கங்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கும். என் குறை அந்தப் படத்தின் மேல். ஒரு நோயாளிக்கு ஒரு போன் என்று அதில் ஒரு கோடு போட்டிருக்கிறார்களே, அந்தக் கோடு முத்தையாபுரத்தில் நிற்காது.

இங்கே விடியுமுன்னே உப்பளத்துக்குப் போகிற பெண்ணின் ஆதாரில் இருப்பது பல வீடுகளில் மகனுடைய நம்பர். அவன் துறைமுகத்தில் லாரியில் இருப்பான். வீட்டில் இருக்கிற இன்னொரு போனில் பேரப்பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற தன்னார்வலர் பெரும்பாலும் அதே பகுதிப் பெண். விவரங்களை அவர் மொபைல் செயலியில் ஏற்றுகிறார். அதோடு, மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார இயக்கம் தருகிற ஆபா எண்ணை ஆதார் வழியாக எடுக்கும்போது, ஆதாரோடு சேர்த்த நம்பருக்கு ஓடிபி போகும்.

"மதினி, ஒரு மெசேஜ் வந்திருக்கும், அந்த நம்பரைச் சொல்லுங்க."

பேங்க்காரன் வருஷக்கணக்காகச் சொல்வது என்ன? ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதே. சுகாதாரத்துக்காக வீட்டுக்கு வருகிறவர் கேட்பது என்ன? ஓடிபியைச் சொல். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிற பாட்டியை 'டிஜிட்டல் விழிப்புணர்வு குறைவு' என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதி முடித்துவிடுகிறோம். அவருக்கு என்ன குறைச்சல்? எதிரும் புதிருமாகப் பாடம் நடத்தியது நாம்.

இதற்கு நல்ல உதாரணம் காசநோய்க்கான '99 டாட்ஸ்'. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் பிறந்த யோசனை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் அட்டைக்குள் மறைந்திருக்கிற ஒரு போன் நம்பர் தெரியும். பதிவு செய்த போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டால், அன்றைய மாத்திரையைச் சாப்பிட்டதாகக் கணக்கு. செலவும் குறைவு, யோசனையும் அழகு. ஆனால் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து சென்னை, வேலூர், மும்பையில் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்தார்கள். மாத்திரை எடுத்த எல்லோரும் போன் செய்திருக்கவில்லை. எடுத்ததாகப் பதிவான சிலரின் சிறுநீரில் மருந்து இல்லை. அழைப்பு வந்ததை வைத்து போனைப் பற்றித்தான் சொல்ல முடியும், ஆளைப் பற்றி அல்ல. வீட்டுக்குத் தெரியாமல் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற மருமகள், மாமியார் வைத்திருக்கிற போனிலிருந்து தினமும் எப்படிக் கூப்பிடுவாள்?

அடுத்தது கோவின். ஒரே நம்பரில் முதலில் 4 பேர், 2022 ஜனவரியிலிருந்து 6 பேர் பதியலாம் என்று விட்டார்கள். நம்ம குடும்பங்களைப் புரிந்துகொண்ட முடிவு அது. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட் வந்தது. ஒரு நம்பரைக் கொடுத்தால் அந்த நம்பரில் பதிந்தவர்களின் பெயர், பிறந்த விவரம், அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்தது. கோவினை நேரடியாக யாரும் உடைக்கவில்லை என்று அரசு சொன்னது. அப்படியே வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. பலசரக்குக் கடையிலும், ரீசார்ஜ் கடையிலும், கல்யாண மொய் நோட்டிலும் இருக்கிற ஒரு பத்து இலக்க எண்ணை ஒரு குடும்பத்துக்கே சாவியாக வைக்கலாமா?

அந்தச் சாவி கைமாறவும் செய்யும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரை, துண்டித்து 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்பது விதி. பழைய ஆளுக்கு மருத்துவமனை அனுப்புகிற எஸ்எம்எஸ் புது ஆளுக்குப் போகும். உப்பளத்தில் வேலை நிற்கிற மழை மாதங்களில் ரீசார்ஜ் தள்ளிப்போகிற வீட்டுக்கு இது தூரத்து ஆபத்து இல்லை.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நிலை, மருத்துவ வரலாறு இரண்டையும் தனியாக 'உணர்வுமிக்க தகவல்' என்று பிரித்தன. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. சுகர் ரிப்போர்ட்டும் செருப்புக் கடை பில்லும் அதன் கண்ணில் ஒரே வகைத் தரவு. எச்ஐவிக்கு 2017-ன் தனிச் சட்டமும், மனநோய்க்கும் கருக்கலைப்புக்கும் அவற்றுக்கான சட்டங்களும் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. காசநோய்க்கு வெட்கமும் பயமும் குறைவா என்ன?

இதெல்லாம் ஆய்வுக்கு அடங்காத விஷயம் என்று சொல்ல முடியாது. நித்யா சாம்பசிவனும் கூட்டாளிகளும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் 199 பேரிடம் பேசி 2018-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்கள் போனைப் பூட்டுவது, குறிப்பிட்ட மெசேஜை மட்டும் அழிப்பது, சில வேலைகளை போனில் செய்யாமலே தவிர்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பதிந்திருக்கிறார்கள். அவர்கள் பயப்படுகிற ஆள் பக்கத்து அறையில் இருக்கிறார். எந்த மறையாக்கமும் அவரைத் தடுக்காது, ஏனென்றால் போனின் பூட்டு எண் அவருக்கும் தெரியும்.

ஆகவே, இந்தத் துறையில் ப்ராஜெக்ட் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு நாலு வேண்டுகோள். எஸ்எம்எஸ்சில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ வர வேண்டாம். தேதியும் இடமும் போதும். ஓடிபி வருகிற மெசேஜிலேயே அது எதற்கு, யாரிடம் சொல்லலாம் என்று தமிழில் இருக்கட்டும். போன் இல்லாதவருக்கு ஒரு காகித அட்டை போதும் என்கிற வழி செயலியிலேயே இருக்கட்டும். நம்பர் மாறினால் பழைய நம்பரைக் கழற்றிவிடுவதைத் தன்னார்வலரே ரெண்டு நிமிஷத்தில் செய்ய முடியட்டும். நாலுக்கும் புதுக் கணிதம் தேவையில்லை. சோதிக்க ஆய்வகமும் வேண்டாம். ஒரு தன்னார்வலர் சம்மதித்தால் அவர்கூட ஒரு வாரம் வீடு வீடாக நடந்துவிட்டு வந்து அந்த முதல் படத்தை வரையுங்கள்.