ஒழுங்கின்மையும் வழுவமைதியும்

ஒரு மொழியின் பெயர்ச்சொற்களைப் பிறிதொரு மொழிக்குக் கொண்டுசெல்லுதல் பெரும்பாலும் எளிது. அடைமொழிகளைக் கொண்டுசெல்லுதலே அரிது. பெயர் பொருளைச் சுட்டும். அடைமொழியோ அப்பொருளைப் பற்றிச் சொல்வோன் கொண்ட மதிப்பையும் உடன் சுமந்து வரும். 'இர்ரெகுலர்' என்னும் ஆங்கில அடைமொழி இதற்குத் தக்க சான்றாகும். இதனைக் கண்டவிடமெல்லாம் 'ஒழுங்கற்ற' என்றோ, 'முறைகேடான' என்றோ எழுதிச் செல்வோர் பலர். அவ்வழக்கு எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சொல்லின் அடியில் நிற்பது 'ரெகுலா' என்னும் இலத்தீன் சொல். நேர்கோல் என்பது அதன் பொருள். கோலுக்கு ஒத்து நிற்பது 'ரெகுலர்', ஒவ்வாதது 'இர்ரெகுலர்'. கோலின் நேர்மையைக் கொண்டு அறத்தின் நேர்மையைச் சொல்லும் வழக்கம் நம்மவர்க்கும் உண்டு. செங்கோன்மை, கொடுங்கோன்மை என வள்ளுவர் அதிகாரம் வகுத்தமை யாவரும் அறிந்ததே. 'ஒழுகு' என்னும் வினையடியிலிருந்து வரிசையைக் குறிக்கும் ஒழுங்கும், நடத்தையைக் குறிக்கும் ஒழுக்கமும் பிறந்தன. எனவே 'ஒழுங்கற்ற' என்னுமிடத்து வடிவின் கோணலோடு நடத்தையின் கோணலும் செவியிற் படுகின்றது. ஆயினும் யாழ்ப்பாணத்தார் சிறு தெருவுக்கு வழங்கும் பெயர் 'ஒழுங்கை' என்பதாகும். வேலிக்கு வேலி வளைந்து செல்லும் அதனை எவரும் குற்றம் கூறுவதில்லை. கோணல் யாவும் குற்றமன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இவ்வடைமொழி வழங்கும் இடங்களை நோக்குவாம். கேத்திரகணிதத்திற் பக்கங்களும் கோணங்களும் சமனாய் அமையாத உருவை 'ஒழுங்கற்ற பல்கோணி' என்கின்றோம். ஈண்டு இழிவு ஏதுமில்லை, சொல் பொருந்துகின்றது. நாடித் துடிப்பைப் பற்றி மருத்துவர் இவ்வடைமொழியை ஆளும்போது அவர் கருதுவது வடிவை அன்று, கால இடைவெளியை ஆகும். அதற்குச் 'சீரற்ற துடிப்பு' என்பதே சிறந்தது. செய்யுளில் ஓசையை அளந்து நிற்கும் உறுப்பும் சீர் எனப்படுதல் காண்க. ஆனால், சீர் என்பது அளவை மட்டுமன்றி அழகையும் சிறப்பையும் உணர்த்தும். அதனாலேயே இலங்கை வானொலியிலும் பத்திரிகைகளிலும் 'சீரற்ற காலநிலை' என்பது ஒழுங்கு மாறிய வானிலையைக் குறியாது, பெருமழையும் காற்றுமாகிய தீய வானிலையைக் குறிப்பதாயிற்று. அளவைச் சொல் மதிப்புச் சொல்லாக வழுவிச் செல்வதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

படையைப் பற்றி வருமிடத்து 'ஒழுங்கற்ற படை' என்பது பெரும் பிழையாய் முடியும். அரசின் நிலைப்படையைச் சாராதது என்பதே ஆங்கிலத்தின் கருத்து. கட்டுப்பாடு மிகவுடைய ஒரு படையும் அவ்வகையில் அடங்கலாம். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை எனப் படையைப் பலவாகப் பகுத்த நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர்.

இவற்றினும் நுண்ணியது இலக்கண வழக்கு. 'கோ' என்னும் ஆங்கில வினையின் இறந்தகாலம் 'வென்ற்' என்பது. அது 'வெண்ட்' என்னும் வேறொரு வினைக்கு உரியதாயிருந்து பின் இதனோடு வந்து சேர்ந்தது. 'ஹெல்ப்' என்னும் வினைக்கு முற்காலத்தில் 'ஹோல்ப்' என்ற இறந்தகால வடிவம் இருந்தது. இன்று அது பொதுவிதிக்கு அடங்கி 'ஹெல்ப்ட்' ஆயிற்று. நாடோறும் நாவிற் பயிலும் சொற்களே பழைய வடிவத்தை விடாது காக்கின்றன. நம் மொழியிலும் 'வா' என்பது வந்தான், வருகின்றான் எனவும், 'சா' என்பது செத்தான் எனவும் திரிதல் காண்க. இவற்றை 'ஒழுங்கற்ற வினை' என்று மாணவர்க்குக் கற்பித்தால், மொழி ஈண்டுத் தவறியது என்ற எண்ணமே அவர் உள்ளத்திற் பதியும். உண்மையில் இவை பெரும்பாலும் பழைய ஒழுங்கொன்றின் எச்சங்களாகும்.

இவ்விடத்தில் நம் இலக்கணிகளின் பாகுபாடு பெரிதும் துணை செய்யும். பவணந்தி முனிவரின் நன்னூலும், அதற்கு நாவலர் இயற்றிய காண்டிகையுரையும் பயின்றோர் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றையும் அறிவர். விதிக்கு ஒத்தது வழாநிலை; ஒவ்வாதது வழு; ஒவ்வாதாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசுவை நோக்கி 'இலட்சுமி வந்துவிட்டாள்' என்பவன் திணை மயங்கினானல்லன். அன்பு பற்றி அவ்வாறு கூறினான். 'இர்ரெகுலர்' என்பது விதியினின்று விலகியமையை மட்டும் கூறும் சொல். அவ்விலகல் வழுவா, வழுவமைதியா என்பதை அது தீர்ப்பதில்லை. 'முறைகேடு' என்ற தமிழ்ச் சொல்லோ விசாரணை முடியுமுன்னரே தீர்ப்பைக் கூறிவிடுகின்றது.

சட்டத்துறை இதனைத் தெளிவுறக் காட்டும். இந்தியாவில் 2024 யூலை வரை வழங்கிய 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைக் கோவை, நடவடிக்கைகளைப் பழுதாக்காத பிறழ்வுகளை 460ஆம் பிரிவிலும், பழுதாக்கும் பிறழ்வுகளை 461ஆம் பிரிவிலும் வேறாக வகுத்தது. அதிகாரமில்லாத நீதவான் ஒருவர் நல்லெண்ணத்துடன் தவறுதலாகத் தேடுதல் ஆணை பிறப்பித்தால், அக்காரணம் ஒன்றினாலேயே நடவடிக்கை தள்ளப்படாது. அதிகாரமின்றி ஒரு குற்றவாளியை விசாரித்தாலோ அவ்விசாரணை வெறிதாகும். முன்னையது வழுவமைதி, பின்னையது வழு. இரண்டையும் 'முறைகேடு' என்ற ஒரே சொல்லாற் பெயர்ப்பவர் சட்டத்தின் உயிர்நிலையையே இழந்துவிடுகின்றார். கணக்காய்வு அறிக்கைகளிலும் இவ்விடர் உண்டு. பற்றுச்சீட்டை உரிய கோவையிற் சேர்க்காத எழுதுவினைஞரும் பணத்தைக் கையாடியவரும் ஒரே சொல்லின்கீழ் வருவது நீதியாகாது. முன்னையவர் செயலை 'நடைமுறை பிறழ்ந்தது' என்றால் அமையும்.

அடைமொழி எதனைத் தழுவி நிற்கின்றது என்பதும் நோக்கற்பாலது. வெங்காய நடுகைக் காலத்தில் தோட்ட வேலைக்காகச் சில நாள் பள்ளிக்கு வராத சிறுவனின் வரவை ஆங்கிலம் 'இர்ரெகுலர்' என்னும். அதனை 'ஒழுங்கீனமான மாணவன்' என்று எழுதினால், வரவுக்கு உரிய அடைமொழி அவன் குணத்தின்மேல் ஏறிவிடும். 'இடையிடையே வரவில்லை' என்றெழுதினால் உண்மையும் நிற்கும், சிறுவனும் பழிபடான்.

இதன் பயன் பள்ளிப் பதிவேட்டோடு முடிவதன்று. 1983க்குப் பின் இக்குடாநாட்டிலிருந்து கடல் கடந்தோருட் பலர் உரிய பத்திரங்களின்றியே சென்றனர். இத்தகைய தொழிலாளரைச் 'சட்டவிரோத' என்னும் அடைமொழியாற் குறியாது, 'பத்திரமற்ற' என்றோ 'இர்ரெகுலர்' என்றோ குறிக்குமாறு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1975இல் தன் உறுப்புகளைக் கேட்டது. 1990ஆம் ஆண்டின் குடிபெயர் தொழிலாளர் சமவாயம் இன்னும் நுட்பமாக, அவ்வடைமொழியை ஆளின்மேல் ஏற்றாது அவர் இருக்கும் நிலைமையின்மேல் ஏற்றியது. 1996இல் இலங்கையும் அச்சமவாயத்தில் இணைந்தது. இத்துணைக் கவனத்தோடு ஆளப்பட்ட சொல்லைத் தமிழில் மீண்டும் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என எழுதுதல், நம்மவரை நம் மொழியாலேயே குற்றவாளிகளாக்குவதாகும். 'முறைப்படுத்தப்படாத நிலையிலுள்ளோர்' என்பது நீண்டதாயினும் நேர்மையானது. உயிருக்கு அஞ்சி நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை அறிவித்து, தக்க காரணமும் காட்டும் அகதியை, அனுமதியின்றி நுழைந்தமைக்காகத் தண்டித்தலாகாது என 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் 31ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. காரணம் பற்றி ஏற்கப்படும் பிறழ்வு அது. இலக்கணிகள் கூறும் வழுவமைதியே பன்னாட்டுச் சட்டத்தில் வேறொரு பெயரோடு நிற்கின்றது எனலாம்.

ஆதலின், இவ்வடைமொழியைத் தமிழ்ப்படுத்துவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். விலகியது எவ்விதியினின்று? அடைமொழி தழுவுவது ஆளையா, செயலையா, நிலைமையையா? அவ்விலகலுக்கு அமைதி உண்டா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே ஒழுங்கற்ற, சீரற்ற, நடைமுறை பிறழ்ந்த, முறைகேடான என்னும் சொற்களுள் ஒன்றைத் தெரிதல் தகும். அகராதி இச்சொற்களை ஒரு வரியில் அடுக்கித் தரும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனாற் பிறர்மேல் விழும் பழிக்கும் புகழுக்கும் பொறுப்பேற்பது எழுதுவோர் கடனாகும்.