அன்பரும் அயலாரும்

தற்சார்பு வாழ்க்கையைப் பற்றிய நூல்கள் தமிழில் பெருகிவிட்டன. மண்ணை எப்படி உயிர்ப்பிப்பது, விதையை எப்படிச் சேமிப்பது, மழைநீரை எங்கே நிறுத்துவது என்பனவற்றையெல்லாம் அவை விரிவாகச் சொல்கின்றன. ஆயினும் ஒரு வினா அவற்றின் பக்கங்களிலிருந்து நழுவிவிடுகிறது. நகரத்து வேலையை விட்டுவிட்டு, பண்ருட்டிப் பக்கமோ புவனகிரிப் பக்கமோ இரண்டு ஏக்கர் நிலத்தில் குடியேறி, தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளத் துணிகிற ஒருவர் மாலை வேளையில் யாரோடு பேசுவார்? ஊரார் அவரை வேடிக்கை மனிதராகப் பார்க்கின்றனர். உறவினரோ பிழைக்கத் தெரியாதவர் என்கின்றனர். பழைய நண்பர்கள் ஒருமுறை வந்து, இளநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். இம்முயற்சியைக் கைவிட்டுத் திரும்புவோரிற் பலர் விளைச்சல் பொய்த்ததால் திரும்புவதில்லை. உள்ளம் ஒத்த துணை கிடைக்காமையாலேயே திரும்புகின்றனர் என்பது என் எண்ணம்.

இவ்வினாவை மனத்திற்கொண்டு இரு நூல்களை அருகருகே வைத்துப் படிக்கலாம். ஒன்று, பீட் கிரிஃபித்ஸ் அடிகள் 1954-இல் வெளியிட்ட ‘தி கோல்டன் ஸ்ட்ரிங்’ என்னும் தன்வரலாறு. மற்றொன்று, கடலூர் மண்ணின் இராமலிங்க அடிகளார் தம் அன்பர்களுக்கு எழுதிய திருமுகங்களின் தொகுப்பு. ஆங்கிலத் துறவியையும் வடலூர் வள்ளலாரையும் எதற்காகச் சேர்த்துப் பேசவேண்டும் என்று வாசகர் வியக்கக்கூடும். இருவருமே குறைந்த தேவைகளோடு வாழ முனைந்தவர்கள். இருவருமே அம்முனைப்பில் தோழர்களைத் தேடியவர்கள். தேடிய விதத்தில்தான் வேறுபாடு உள்ளது.

குளித்தலையை அடுத்த சாந்திவனத்தில் 1968 முதல் 1993-இல் மறையும்வரை வாழ்ந்த காவியுடைத் துறவியாகவே கிரிஃபித்ஸை நாம் அறிவோம். அவருடைய இளமையில் நிகழ்ந்த ஒரு சோதனை நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. 1930-இல், ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடித்த அவரும் அவருடைய நண்பர்களான ஹியூ வாட்டர்மன், மார்ட்டின் ஸ்கின்னர் ஆகிய இருவரும், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் ஈஸ்டிங்டன் என்ற சிற்றூரில் ஒரு குடிசையை அமர்த்திக்கொண்டனர். தொழிற்புரட்சி தந்த வசதிகளை இயன்றவரை விலக்கினர். பசு வளர்த்தனர், பால் கறந்து விற்றனர், காய்கறி பயிரிட்டனர், விவிலியத்தையும் பழைய நூல்களையும் சேர்ந்து படித்தனர். ஒத்த கருத்துடைய நண்பர் கிடைப்பாரா என்ற கவலை அவர்களுக்கு இருக்கவில்லை. அக்கருத்தே அம்மூவர் நட்பிலிருந்து பிறந்தது எனலாம். ஒரே கல்லூரிச் சூழல், ஒரே கவிஞர்கள்மீது பற்று, நகர நாகரிகத்தின்மீது ஒரே வெறுப்பு. இதைவிட ஒத்த உள்ளங்களை எங்கே காண்பது!

எனினும் அச்சோதனை ஓராண்டுகூட நிறைவுறவில்லை.

நூலின் இப்பகுதி அழகானது. சொற்கள் தெளிவானவை, தன்னைப் பெரிதுபடுத்தாத நேர்மையும் உண்டு. ஆனால், நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின், ஒரு மடத்துத் துறவியாக இருந்துகொண்டு அவர் இதை எழுதுகிறார் என்பதை மறத்தலாகாது. திரும்பிப் பார்ப்பவருக்கு ஈஸ்டிங்டன் ஒரு படிக்கட்டு. அதன் உச்சியில் 1931-இன் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய இரவில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த நிகழ்ச்சி நிற்கிறது. ஆகவே அக்குடிசையின் தோல்வி தோல்வியாகவே அவருடைய எழுத்தில் கனக்கவில்லை. எல்லாம் இறைவனின் வழிநடத்துதலாக மென்மையடைந்துவிடுகிறது. நூலின் ஒளி முழுவதும் அம்மூவர் உள்ளத்தின்மேல் விழ, அவர்கள் பாலை வாங்கிக் குடித்த ஊரார் ஓரத்து நிழலிலேயே நின்றுவிடுகின்றனர். என் மனக்குறை இதுதான். ஒரு பசுவுக்கு நோய் கண்டால் யாரிடம் ஓடினார்கள்? மூவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வாழும் வீட்டில் ஒருவருக்குச் சலிப்புத் தட்டினால் அவர் போய்ச் சற்று அமர்ந்துவர வேறு திண்ணை இருந்ததா? இவற்றுக்கு விடை தேடுவோருக்கு அந்நூல் அதிகம் உதவுவதில்லை.

இதற்கு முன்னோடியான ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவில் உண்டு. 1843-இல் பிரான்சன் ஆல்காட் என்ற சிந்தனையாளரும் அவருடைய ஆங்கில நண்பர் சார்லஸ் லேனும் மாசசூசெட்ஸில் ‘ஃப்ரூட்லாண்ட்ஸ்’ என்ற பண்ணையைத் தொடங்கினர். புலால் இல்லை, விலங்குகளின் உழைப்பும் வேண்டாம் என்பது கொள்கை. கொள்கைப் பொருத்தம் சிறப்பாகவே இருந்தது. அறுவடைக் காலத்தில் ஆண்கள் கொள்கை பரப்பச் சென்றுவிட, அறுத்துக் கிடந்த பார்லியை மழைக்குமுன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஆல்காட்டின் மனைவியும் குழந்தைகளும். குளிர்காலத்திலேயே பண்ணை கலைந்தது. அக்குழந்தைகளுள் ஒருவர் லூயிசா மே ஆல்காட்; பின்னாளில், 1873-இல், இதை நகைச்சுவையோடு எழுதினார். கருத்து ஒத்தவர்கள் கதிரரிவாளையும் ஒத்தே பிடிப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை என்பதை அந்தச் சிறுமி அன்றே கண்டுகொண்டாள் போலும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்து, சென்னையில் வளர்ந்து, 1858 அளவில் மீண்டும் சிதம்பரம் பக்கம் வந்த இராமலிங்கர், கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார். இரண்டு வெள்ளாடை, சிறிதளவு உணவு. சொந்தமென்று வீடும் இல்லை. இன்றைய பொருளில் இதைத் தற்சார்பு என்று சொல்ல முடியாதுதான், அவர் உழவரல்லர். ஆனால் தேவையைக் குறைப்பதும் தற்சார்பின் ஒரு வாயில் அன்றோ? கருங்குழியிலிருந்து அவர் சென்னையில் இருந்த இறுக்கம் இரத்தின முதலியாருக்கும் பிறருக்கும் கடிதங்கள் எழுதினார். ஆ. பாலகிருஷ்ண பிள்ளையின் பதிப்பு வழியாகவும், பின்னர் ஊரன் அடிகளின் பதிப்பு வழியாகவும் அவை நமக்குக் கிடைக்கின்றன.

திருவருட்பாவின் ஆயிரக்கணக்கான பாடல்களின் பேரொலியில் இக்கடிதங்களின் தாழ்ந்த குரல் கேட்காமற் போனது நம் இலக்கியத்துக்கு ஓர் இழப்பு. பாடல்களில் அவர் இறைவனிடம் பேசுகிறார். கடிதங்களில் சளிபிடித்த, கடன்பட்ட, கவலைப்பட்ட மனிதர்களிடம் பேசுகிறார். உடல்நலத்தைப் பேணுமாறு திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். பாடல்களின் கையெழுத்துப் படிகள் வந்துசேரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென்று இரத்தின முதலியார் நோன்பு பூண்டார். அதைக் கேட்டு உள்ளம் பதறி, அந்நோன்பை விடும்படி வள்ளலார் 1860-இல் எழுதிய கடிதம் உரைநடையில் ஒரு மாணிக்கம். பக்தியின் மிகுதியைப் பாராட்டுவதை விட்டு, நண்பன் பசித்திருக்கிறானே என்று அக்கடிதம் துடிக்கிறது. பாடல்களை அனுப்ப அவர் ஒப்புக்கொண்டதே இந்தப் பசியின் காரணமாகத்தான். திருவருட்பா அச்சேறியதன் பின்னே ஒரு நட்பின் பிடிவாதம் நிற்கிறது.

நட்பு சுமையும் ஆகும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். தம் பெயரோடு ‘சாமி’ என்று சேர்ப்பது ஆரவாரம், அது தமக்கு உடன்பாடன்று என்று வள்ளலார் அதே முதலியாருக்கு எழுதுகிறார். அன்பர்கள் கேட்டார்களா? 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் நூலை வெளிக்கொணர்ந்தபோது அதற்கு ‘திருவருட்பா’ என்றும், பாடியவருக்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்றும் பெயர் சூட்டப்பெற்றது. அப்பெயரே ஆறுமுக நாவலர் தரப்பின் சினத்துக்கு இலக்காகி, அருட்பா மருட்பாப் போராயிற்று. 1869-இல் சிதம்பரத்துக் கூட்டமொன்றில் பேசப்பட்டவை காரணமாக வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை வந்தது. ஒதுங்கி வாழ விரும்பிய ஒருவரைக் கடலூர் நீதிமன்றத்தின் வாசலுக்குக் கொண்டுவந்ததில் பகைவர்க்கு இருந்த பங்குக்குக் குறையாத பங்கு அன்பர்க்கும் உண்டு. ஒத்த உள்ளத்தினரைத் தேடுவோர் இவ்வரலாற்றையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆயினும் வடலூரில் அடுப்பு எரியத் தொடங்கியது கடிதம் எழுதிய அன்பர்களால் மட்டும் அன்று. 1867-இல் பார்வதிபுரத்துக் குடிகள் பலர் கையெழுத்திட்டு ஏறக்குறைய எண்பது காணி நிலத்தை, இன்றைய அளவில் நூறு ஏக்கருக்கு மேல், அறத்துக்காக எழுதிக்கொடுத்தனர். அவ்வாண்டு வைகாசியில் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. கையெழுத்திட்ட அனைவரும் சன்மார்க்கக் கொள்கையை முழுதும் உணர்ந்து ஏற்றவர்கள் என்று கொள்வதற்கில்லை. சாதி, சமய வேறுபாடு ஒழிதல், புலால் மறுத்தல் ஆகியவற்றில் அவர்களிற் பலர் அவரோடு உடன்பட்டிருக்க மாட்டார்கள் என்பதே என் கருத்து. பசித்தவனுக்குச் சோறிடவேண்டும் என்ற ஒன்றில் உடன்பட்டனர், அது போதுமாயிற்று. அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. மாறாக, கொள்கையின் முழுமையைத் தாங்க எழுப்பப்பட்டு 1872 தைப்பூசத்தில் திறக்கப்பட்ட ஞானசபையை அடுத்த ஆண்டே அவர் பூட்டிவிட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். முழு ஒப்புமையை எதிர்பார்த்த இடத்தில் ஏமாற்றம் நேர்ந்தது. ஒரே ஒரு கடமையில் ஒப்புமை போதும் என்றிருந்த இடத்திலோ அயலார் அன்பரானார்கள். இந்நுட்பத்தைத் திருமுகங்களைப் படிக்கும்போதும், நிலக்கொடைப் பத்திரத்தோடு அவற்றை ஒப்பிடும்போதும்தான் உணர முடிகிறது. பாடல்களை மட்டும் படிப்போர்க்கு அது தென்படாது.

கிரிஃபித்ஸ் பிற்காலத்தில் பொறுப்பேற்ற சாந்திவனத்துக்கும் இத்தகைய முன்கதை உண்டு. 1950-இல் அதை நிறுவிய மொன்ஷானென் அடிகளும் ஹென்றி லெ சோ அடிகளும், தங்களைப்போன்றே எளிமையும் தியானமும் விரும்பும் துறவியர் வருவர் என்று காவிரிக்கரைத் தோப்பில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். நிலைத்துத் தங்குவோர் வரவில்லை. 1957-இல் மொன்ஷானென் மறைந்தார். 1968-இல் லெ சோ இமயத்தை நோக்கிப் போய்விட்டார். அவ்விருவரிடையிலும்கூட மனவேறுபாடுகள் வளர்ந்தன என்பதை அவர்கள் எழுத்துகளே காட்டுகின்றன.

நம் மாவட்டத்தில் இவ்வினா ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. ஒருவர் எத்தனை பெரிய தற்சார்பாளராயினும் வீட்டுக் கூரைமேல் விழுந்த பலாவைத் தனியொருவராக அகற்ற முடியாது. அதற்கு வாளும் கயிறும் நான்கு ஆள்களும் வேண்டும். அந்நால்வரும் இயற்கை வேளாண்மையை நம்புகிறவர்களா என்று அப்போது கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

இதற்கிடையே, கருத்து ஒத்தவர்களைக் கண்டடையவும் தமிழ்நாட்டில் ஒரு வழி பிறந்தது. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய விதைநெல் இரண்டு கிலோ கொடுக்கப்படும். பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். சிதம்பரம் வட்டாரத்து உழவர் ஒருவர் இப்படி விதை பெற்றால், அவர் கொள்கைப் பிரமாணம் எதுவும் செய்யவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மூட்டையோடு வந்தால் போதும். வந்த இடத்தில் தம்மைப் போன்ற பிறரையும் காண்பார். 2018-இல் ஜெயராமன் மறைந்துவிட்டார். அவர் மீட்டெடுத்த நெல் வகைகள் நூற்றைம்பதுக்கும் மேல். கருத்தரங்குகளால் கூடாத கூட்டம் நான்கு கிலோ நெல்லின் கடனால் கூடியது. ஈஸ்டிங்டன் குடிசையில் இப்படி ஒரு கடன் இருந்திருக்குமானால் அப்பால்காரத் துறவியின் வரலாறு எப்படி மாறியிருக்குமோ என எண்ணத் தோன்றுகிறது. ஒன்றைச் சொல்லவேண்டும்: குடிசை கலைந்தாலும் அம்மூவர் நட்புக் கலையவில்லை. கடல் கடந்தும் கடிதங்கள் தொடர்ந்தன.

திருமுகங்களைப் பற்றி இன்னும் ஒரு குறை. தொகுப்புகளில் நாம் காண்பன பெரும்பாலும் வள்ளலார் எழுதியவையே. இரத்தின முதலியார் என்ன கேட்டார், எதற்காகக் கலங்கினார், ஒருவேளை உணவு என்று நோன்பு பூண்டதை எந்தச் சொற்களில் தெரிவித்தார் என்பனவற்றை விடையிலிருந்தே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருமுகங்களை மட்டும் தனியாக, ஆண்டு வரிசையில், ஊர்களும் ஆள்களும் பற்றிய குறிப்புகளோடு, எளிய விலையில் ஒரு சிறு நூலாக யாரேனும் வெளியிட்டால், இரண்டு ஏக்கரில் தனித்திருக்கும் அந்த நண்பருக்கு முதற்படியை அனுப்பலாம்.